இடது கால் மாப்பிள்ளை

ஈஸ்டர் முடிந்த முதல் ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தால் எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பிரசங்கம் முழுக்கக் கொட்டாவி விட்டவன்கூட முழித்துக்கொள்வான். இன்ன ஊர் இன்னார் மகன், நம் பங்கைச் சேர்ந்த இன்னார் மகளைத் திருமணம் செய்ய இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. மற்ற ஊர்களில் அது கல்யாண அறிவிப்பு. எங்கள் ஊரில் அதுதான் கால்பந்து கிளப்புக்கு யார் வருகிறான், யார் போகிறான் என்கிற அறிவிப்பு.

கிறுக்குப் பயல்கள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. உவரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடற்கரை ஊர்களுக்குள் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். முன்பெல்லாம் கேரளாவிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்து இறக்குவார்கள். ஒரு வருஷம் ஃபைனலில் ரெண்டு அணியிலும் சொந்த ஊர்க்காரன் என்று கோல் கீப்பர்களைத் தவிர ஒருத்தனும் இல்லை. மைதானத்தில் ஆரம்பித்த அடிதடி கடற்கரை வரைக்கும் போனது. அதற்குப் பிறகு பங்குச் சாமியார்கள் எல்லாரும் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். அந்தந்தப் பங்குக் கோயிலின் குடும்பப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவன் மட்டும்தான் ஆடலாம். மருமகன் ஆடலாமா என்று எவனோ கேட்டிருக்கிறான். பெண்ணைக் கட்டி, அவளோடு இதே ஊரில் குடியிருந்தால் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் ஊரோடு வந்துவிடுவது புதிதில்லை. இந்த ஒரு ஓட்டை போதாதா எங்களுக்கு?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது. ஆக, ஈஸ்டருக்கும் போட்டி தொடங்குகிற மே மாதக் கடைசிக்கும் நடுவில்தான் ஆள் வரவேண்டும், ஆள் போகவேண்டும். ஐரோப்பாவில் பெரிய கிளப்புகள் கோடையில் ஆட்டக்காரர்களை வாங்குவதையும் விற்பதையும் செல்போனில் பார்த்துப் பார்த்து எங்கள் ஆட்கள் இதற்கும் டிரான்ஸ்பர் என்றே பெயர் வைத்தார்கள். வாட்ஸப்பில் எங்கள் கிளப் ரசிகர்களுக்கு ஒரு குரூப் உண்டு. ஈஸ்டர் வந்தால் அதில் வேறு பேச்சே இருக்காது.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வாரத்தில் ஐந்து நாள் அங்கே அறை எடுத்துத் தங்கல், சனி ஞாயிறு ஊர். அப்பா இறந்து வெகு நாளாகிறது. வீட்டில் அம்மாவும் தங்கையும். என் சம்பளம், என் தூக்கம், என் சனிக்கிழமை எல்லாம் அந்தக் கிளப்புக்குத்தான். பந்தை உதைக்க எனக்கு வராது. கத்த வரும். மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் கத்துவது லைட்ஹவுஸ் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

எங்கள் கிளப்பின் டிரான்ஸ்பர் வியாபாரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எங்களிடம் ஒரு கோல் கீப்பர் இருந்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் அவனுக்கு ஒரு பெண்ணைக் காட்டினார்கள், கடலைப் பார்த்த வீடும் காட்டினார்கள். எங்கள் கிளப் தலைவர் அவனைத் தடுக்கவில்லை. ‘போறவன் போட்டும், கோல் கீப்பருக்கா பஞ்சம்?’ என்றார். மறுவருஷம் அதே கீப்பர் எங்களுக்கு எதிராக நின்று பெனால்ட்டியைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். நடுவில் ஆடின ஒருத்தன் கப்பல் வேலைக்குப் போனான். அவனுக்குப் பதில் தலைவர் கொண்டுவந்த ஆள் அவருடைய சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை. மைதானத்துக்குள் முதலில் அவன் வயிறு வரும், பிறகு அவன் வருவான். பாதி ஆட்டத்தில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிடுவான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மூன்று வருஷம் முதல் சுற்றோடு மூட்டை கட்டினோம்.

நாலாவது வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் கிளப் கூட்டம். தலைவர் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். ஆள் நிதானம், பேச்சு ஊசி. இந்த வருஷமும் இருக்கிறவர்களை வைத்தே சமாளிப்போம் என்று அவர் சொன்னதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

“ஊர்ல பொண்ணா இல்ல? முன்னால நின்னு கோல் அடிக்க ஒரு நல்ல ஃபார்வர்டு இல்ல. அப்படி ஒருத்தனுக்குப் பொண்ணு குடுக்க இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் துப்பில்ல. கிளப்பா இது? இழுத்து மூடுங்க!”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னவே, சத்தம் பெருசா இருக்கு? உம்ம வீட்லயும் ஒரு பொண்ணு இருக்காள்லா? குடும்வே பாப்பம்.”

கூட்டம் சிரித்தது. சின்னச் சிரிப்பில்லை, பெஞ்சைத் தட்டிச் சிரிப்பு. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருந்தால் என் தங்கை இன்று வேறு மாதிரி இருந்திருப்பாள். நான் என்ன செய்தேன்? சிரித்த அத்தனை பேர் முன்னாலும், “குடுக்கேன்! ஏன் குடுக்க மாட்டேன்?” என்றேன்.

தங்கை திசையன்விளையில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வீட்டில் ஏற்கனவே இருந்தது, அதனால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. வடக்கே ஒரு கடற்கரை ஊரில் ஒரு ஃபார்வர்டு இருந்தான். இடது கால்காரன். வல்லம் என்கிற நாட்டுப்படகு கட்டுகிற பட்டறையில் வேலை. அவன் அடித்த ஒரு கோல் குரூப்பில் நூறு தடவை சுற்றிவந்திருந்தது. அந்த ஊரில் அவனுக்கும் கிளப்புக்கும் ஏதோ மனத்தாங்கல் என்றும் கேள்வி. தூது விட்டோம். சம்மதம் என்று பதில் வந்தது.

பெண் கொடுக்கும் முன்னால் அண்ணன் தம்பி யாராவது மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் விசாரித்து வருவது வழக்கம். நான்தான் போனேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விசாரிக்கத்தான் போனேன், சத்தியமாக. மைதானத்துப் பக்கத்தில் டீக்கடை. டீ வாங்கிக்கொண்டு அங்கே இருந்தவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். முட்டியில் அடி பட்டிருக்கிறதா? வலது காலிலும் அடிப்பானா, இடது மட்டும்தானா? மே மாத வெயிலில் தொண்ணூறு நிமிஷம் ஓடுவானா? தலையால் முட்டுவானா? அவர்களும் பந்துப் பைத்தியங்கள், ஆர்வமாகச் சொன்னார்கள். அரைமணி நேரம் போனது. டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

“ஏ தம்பி, பொண்ணு குடுக்க வந்தியளா, பந்து வாங்க வந்தியளா? ஆளப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே!”

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் மைதானத்தில் பயிற்சி ஆட்டம் தொடங்கிவிட்டது, நான் கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன்.

ஆட்டம் பிரமாதம். அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒன்று நடந்தது. சொந்த அணிக்காரன் ஒருத்தன் பந்தைப் பிந்திக் கொடுத்தான். இவன் நேரே போனான், அவன் சட்டையைப் பிடித்தான், கன்னத்தில் ரெண்டு விட்டான். அடி வாங்கினவன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற ஒன்பது பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பழக்கமாகிப்போயிருந்தது. மூளை உள்ள எவனும் அதைப் பார்த்த மாத்திரத்தில் பஸ் ஏறியிருப்பான். நான் மனசுக்குள் விசிலடித்தேன். இந்த வெறிதான் நம் அணியில் இல்லை, இதுதான் வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஆளு எப்படிண்ணே?”

“தங்கம்ளா. கொஞ்சம் ரோசக்காரன், அவ்வளவுதான்.”

அவள் என்னை நம்பினாள். பரீட்சை எழுதலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக எழுது என்றேன், ஏதோ அவன் என்னிடம் வாக்குக் கொடுத்த மாதிரி.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு கோயிலில் கைதட்டாத குறை. வெளியே வந்ததும் எனக்குத்தான் வாழ்த்து. தலைவரே வந்து கையைப் பிடித்தார். குரூப்பில் அவன் படத்துக்கு எங்கள் கிளப் பனியனை மாட்டி, ‘வருகிறான்’ என்று போட்டார்கள். ரெண்டாவது ஓலை. மூன்றாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் மூன்று தடவையும் சொன்னார். எனக்கு ஒரு தடை தெரிந்திருந்தது என்பதே எனக்கு உறைக்கவில்லை. அதை நான் அவனுடைய திறமை என்றல்லவா எடுத்துவைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு கிளப் சார்பில் கோயில் முன்னால் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஒன்பதாம் நம்பர் பனியனில் மாப்பிள்ளை, காலடியில் பந்து, பின்னால் கோப்பை. ‘எங்கள் ஊர் மருமகனே, கோல் மழை பொழிக!’ பெண் படம் இல்லை. அம்மாதான் கவனித்தாள். “பொண்ணு படம் எங்கல?” என்றாள். இடம் பத்தலம்மா என்றேன். கோப்பைக்கு இடம் இருந்தது.

அந்த வருஷம் முதல் மூன்று ஆட்டத்திலும் அவன் கோல் அடித்தான். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. வாயும் வயிறுமாக இருந்தவர்கள்கூட மைதானத்துக்கு வந்து நின்றார்கள். அரையிறுதியில் ஜெயிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருத்தன் ஏதோ சொன்னான். இவன் அவனை மூக்கில் குத்தினான். சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு எப்படியோ தாக்குப்பிடித்து ஃபைனலுக்குப் போனோம். அவன் இல்லாத ஃபைனலில் கேவலமாகத் தோற்றோம்.

ரெண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தாள். தங்கையின் கன்னம் வீங்கியிருக்கிறது, கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள் என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கையை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் நான். சனிக்கிழமை போனேன். கோயிலுக்குப் பின் தெருவில் கிளப் பிடித்துக் கொடுத்த வீடு. அவள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“தோத்த கோவம்ளா. பைய சரியாப் போயிரும்,” என்றேன்.

“ஜெயிச்ச அன்னைக்கும் அடிச்சாருண்ணே,” என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். செல்போனை எடுத்துப் பார்த்தேன். ஏனென்றால் என் மண்டைக்குள் அப்போது வேறு கவலை ஓடிக்கொண்டிருந்தது. குரூப்பில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘வெட்டி டிரான்ஸ்பர்’, ‘வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுவிட்டான்’ என்று. தங்கச்சியின் கன்னத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த தவக்காலத்தில் ஒரு நாள் தங்கை வலது கை மணிக்கட்டில் கட்டோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். எலும்பு முறிந்திருந்தது. பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாளாம். என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டாய் என்று எழுதுகிற கையை முறுக்கியிருக்கிறான். இனி அங்கே போக மாட்டேன் என்றாள். அம்மா அழுதாள். நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பேசவில்லை. அவன் அந்தப் பின் தெரு வீட்டில் தனியாகவே இருந்தான், சாயங்காலம் பயிற்சிக்கு வந்தான், நானும் சனிக்கிழமைகளில் மைதான ஓரத்தில் நின்று அவனைப் பார்த்துக் கைதட்டினேன்.

ஈஸ்டர் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? போட்டி நடத்துகிற கமிட்டிக்கு ஒரு புகார் எழுதிவிட்டார்கள். ‘ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரர் மனைவியோடு குடியிருக்கவில்லை, மனைவி தாய் வீட்டில் இருக்கிறார், ஆகவே அவர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர் ஆக மாட்டார்.’ அவர்கள் சொன்னது முழு உண்மை. கமிட்டி, பெண் வீட்டிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவா, ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதித் தந்தால் ஆடட்டும் என்றது.

ஒரு சனிக்கிழமை தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடுமதியம். கூட ரெண்டு பேர். அம்மா மோர் கொடுத்தாள். தங்கை அடுக்களைக்குள் இருந்தாள், கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

“ஒரு ரெண்டு மாசம் வே,” என்றார் தலைவர். “ஜூன்ல ஃபைனல் முடியட்டும். அது வரைக்கும் பிள்ள அங்கன போய் இருக்கட்டும். அவன்ட்ட நான் சொல்லி வைக்கேன், கை ஓங்க மாட்டான். அதுக்குப் பெறவு உங்க இஷ்டம்.”

அவர் போனதும் நான் அடுக்களைக்குள் போனேன். கால் தானாகப் போனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான்தான் போனேன்.

“ஜூன் வரைக்கும்தான்ளா,” என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். 

“நீயும் அங்க வந்து இருப்பியாண்ணே? அவரு கைய ஓங்கும்போது குறுக்க விழுந்து வாங்குவியா?”

“ஏளா, தலைவரு சொல்லி வைக்கேங்காருல்லா...”

“இந்த ஊர்ல ஒரு மனுசன்கூட என்னப் பாத்து, கை எப்படிம்மா இருக்குன்னு கேக்கல. அவருக்கு முட்டி எப்படி இருக்குன்னுதான் கேக்காங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளியில் வேலை, பெண்கள் விடுதியில் இடம், இரண்டையும் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தாள். நான் வேலை பார்க்கிற ஊர்தான். என்னிடம் சொல்லவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் நான் பாதி மனுசனாவது ஆகியிருப்பேன். தலைவர் போன் செய்தார். “பிள்ள போனா போகட்டும், கடுதாசி மட்டும் எழுதித் தாரும். நீரு எழுதுனா மறுபேச்சு இருக்காது, கவர்மென்ட் எழுத்துல்லா!” இந்த ஒரு சொல்லுக்கு விழுந்தேன். ஊரில் யாருக்கு மனு வேண்டுமானாலும் நான்தான் எழுதுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. வெள்ளைத்தாள் எடுத்து, மேலே கமிட்டிக்கு வணக்கம் வைத்து, ‘என் தங்கையும் அவர் கணவரும் எவ்விதக் குறையுமின்றி ஒரே வீட்டில் மகிழ்ச்சியாக வாழ்ந்து வருகிறார்கள் என உறுதி கூறுகிறேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் கமிட்டிக்குத் தேவை. ‘மகிழ்ச்சியாக’ என்று எவனும் கேட்கவில்லை. வாக்கியம் நன்றாக நிற்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன். படித்துப் பார்த்தேன். நன்றாகவே நின்றது.

அந்த வருஷம் கோப்பை ஜெயித்தோம். ஃபைனலில் ரெண்டு கோலும் அவன்தான். பட்டாசு, மேளம், கோயிலைச் சுற்றி ஊர்வலம். அவனைத் தோளில் தூக்கினார்கள். ஒரு பக்கத்துத் தோள் என்னுடையது. வழியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனோம். அம்மா கதவைச் சாத்தினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே அவனைச் சுமந்து போனேன்.

தங்கை அவனிடமிருந்து பிரிய பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். தவக்காலத்தில் கையை முறித்தான், அன்று வெளியே வந்தவள் பிறகு ஒரு நாளும் அவனோடு வாழவில்லை என்பது அவள் பக்கம். அவன் பக்கம் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லாம் பொய், கை வழுக்கி விழுந்து முறிந்தது, அதற்குப் பிறகும் என்னோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள், வேலைக்காக அவளாகப் போனாள். ஆதாரம் கேட்டால் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என் கடிதத்தின் நகல். கட்டு பிரிக்காத கையோடு அவள் எங்கள் அடுக்களையில் நின்ற அதே வாரத்துத் தேதி, என் கையெழுத்து, என் ‘மகிழ்ச்சியாக’. கமிட்டிக்குக் கொடுத்த கடிதத்தில் அவனும் ஒரு நகல் வாங்கி வைத்திருந்தான்.

தங்கை ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் போன் செய்தாள். சாட்சி சொல்ல வருவாயா என்றாள். வருகிறேன் என்றேன்.  “அவங்க ஒன்ன மிரட்டித்தான எழுதி வாங்குனாங்க? அதச் சொன்னா போதும்ணே,” என்றாள். அவளுடைய வக்கீலும் அதையேதான் சொன்னார். ஊர் கட்டாயம், கிளப் கட்டாயம், வேறு வழியில்லாமல் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அவள் அதை வக்கீல் சொல்லிக்கொடுத்ததால் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தாள். தன் அண்ணன் தானாக அப்படி எழுதமாட்டான் என்று நினைத்திருந்தாள்.

இந்த ஏப்ரல் கடைசியில்தான் விசாரணை. கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். என் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். குரூப். வழக்கு நடப்பதால் ஒன்பதாம் நம்பர்காரன் இந்த வருஷம் ஆட மாட்டானாம், அவனுக்குப் பதில் ஒரு நல்ல மருமகன் அமையவில்லையாம். ‘இந்த வருஷமும் கிளப் தூங்குது’, ‘ஒரு டிரான்ஸ்பர்கூட உருப்படியா இல்ல’, ‘ஊர்ல பொண்ணுங்களே இல்லையா?’ கடைசியாகச் சொன்னவன் யார் என்று பார்க்காமல் குரூப்பை விட்டு வெளியேறினேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை.

கூண்டில் ஏறினேன். அவன் பக்கத்து வக்கீல் வயசானவர், தன்மையாகவே கேட்டார்.

“இது நீங்க எழுதின கடிதம்தானே?”

“ஆமா.”

“அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

“அன்னைக்கு எழுதினதுதான் பொய்.”

“எதுக்காகப் பொய் எழுதினீங்க?”

“டீம்ல ஃபார்வர்டு இல்ல.”

கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“ஒரே வீட்ல இருக்காங்கன்னு மட்டும் எழுதியிருந்தா போதுமே. ‘மகிழ்ச்சியாக’ன்னு இருக்கே. இப்படி எழுதணும்னு உங்கள மிரட்டினது யாரு?”

தங்கை அதுவரை மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். தலைவரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவரும் யோக்கியர் இல்லை, சொன்னால் பாவமில்லை. தங்கைக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கூண்டில் நின்றபோது இன்னொரு பொய்க்கு என் வாய் வளையவில்லை. ஏற்கனவே சொன்னதெல்லாம் அவள் தலையில்தான் வந்து விழுந்திருந்தது.

“யாரும் மிரட்டலை. அந்த வார்த்தையை நானாத்தான் சேர்த்தேன்,” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஒருத்தனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வழக்கை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நான் சொன்னது அவள் கேஸுக்கு நல்லதுதான், கடிதம் பொய் என்று பதிவாகிவிட்டது என்றார் அவளுடைய வக்கீல். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் நான் பின்னாலேயே போனேன். ஏதாவது சாப்பிடலாமாளா என்று கேட்டேன். 

“சாட்சி சொன்னதுக்குச் சந்தோசம்,” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. “இனி வர வேண்டாம். வக்கீல் கூப்புட்டாலும் வராத. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

பஸ் நிறுத்தத்தில் ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றோம். வந்தது அவள் விடுதிப் பக்கமும் என் அறைப் பக்கமும் போகிற டவுன் பஸ்தான், இடமும் நிறைய இருந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் என்னைப் பார்த்து வாங்க சார் என்று கூப்பிட்டார். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.